லேபிளில் இல்லாத முந்திரி

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நான்கு, என் தங்கச்சி விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வந்தவர்களுக்கு இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆறு பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். (மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. நானே மூன்றாம் வகுப்போடு நின்றவள்.) அந்தப் பாடம் சட்டத்துக்கு விரோதம் என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

செல்லூரில் எங்கள் சந்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து பருப்புப் பொடி அரைத்து விற்கிறோம். கைப்பக்குவம் என்னுடையது. லேபிள், போன், ஓடியாடும் வேலையெல்லாம் சரோஜா பார்த்துக்கொள்வாள். மாநகராட்சி இடம் கொடுக்க, ஒரு தனியார் கம்பெனி பக்கத்தில் புது மார்க்கெட் கட்டியது. அதில் பெண்கள் குழுவுக்கென்று ஒரே ஒரு கடை. அதை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் உணவுப் பாதுகாப்பு லைசென்சும் பரிசோதனை அறிக்கையும் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டரில் ஏறினால்தான் சாவி. மாசக் கடைசிக்குள் ஏறாவிட்டால் கடை அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

பரிசோதனைக்குப் பொடி எடுக்க நாளைக்கு ஆபீசர் வருகிறார் என்றாள் சரோஜா. அதில் 'ஆபீசர் வருகிறார்' என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

துவரம்பருப்பு, மிளகாய், பூண்டு, பெருங்காயம், உப்பு. இதுதான் எங்கள் பொடி, லேபிளிலும் அதுதான் இருந்தது. விற்பதற்கு அது போதும். ஆபீசருக்கு அதைக் கொடுத்தால் நம் கௌரவம் என்னாவது? அன்று சாயங்காலமே முந்திரியை நெய்யில் வறுத்து, தனியாக அரைத்து, நம் பாக்கெட்டிலேயே அடைத்து ஒட்டி, அலமாரியில் முன்வரிசையில் வைத்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. (நல்லது செய்தால் சொல்லிக்காட்டக் கூடாதல்லவா.)

வந்த ஆபீசர் என் கடைசி மகள் வயசுப் பெண். காபி கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டது. பின்னால் இருந்த பாக்கெட்டுக்குக் கை நீட்டியதும், முன்னால் இருப்பதே நல்லா இருக்கும் தாயி என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அரக்கு முத்திரை வைத்துக் கையெழுத்துக் கேட்டது. கோணல்மாணல் இல்லாமல் என் பெயரை முழுதாக எழுதினேன். என் குற்றத்துக்கு நானே போட்ட கையெழுத்து அது.

இரண்டு வாரம் கழித்துச் சரோஜாவின் போனுக்குச் செய்தி வந்தது. லேபிளில் சொல்லாத முந்திரி உள்ளே இருக்கிறதாம். அதைச் சரிசெய்யும்வரை லைசென்ஸ் கிடையாது, எல்லோரும் நேரில் வர வேண்டுமாம்.

சரோஜாவுக்குச் சந்தேகம் எங்கள் ஐந்து பேரில் ஒருத்தியான பாண்டியம்மாள் மேல். அவள்தான் அந்த வாரம் பாயசத்துக்கு முந்திரி வாங்கியவள். பாண்டியம்மாள் கண் கலங்கி நிற்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைமை நீதிபதி மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டு, தப்பு யார் செய்திருந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஆபீசில் அந்தப் பெண், முந்திரி எப்படி வந்தது என்று கேட்டது. சரோஜா பாண்டியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"நாந்தான் தாயி போட்டேன். உனக்காகத்தான் போட்டேன்."

"எனக்காகவா?"

"வாரவுகளுக்குப் போயி விக்கிற பொடியவா குடுப்பாக?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தது. சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊரு உலகத்துல மட்டமானதக் கலந்துதான் மாட்டுவாக மேடம். இந்தக்கா ஒசத்தியக் கலந்து எங்கள மாட்டிவிட்டுருச்சு."

ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சொன்னது சிரிப்பு இல்லை. "முந்திரி ஒத்துக்காத பிள்ளைங்க இருக்காங்க பாட்டி. சாப்பிட்டா மூச்சே நின்னுரும். அம்மாக்காரி லேபிளப் படிச்சுட்டுத்தான ஊட்டுவா?"

ஆறு பேருக்கும் எது ஒத்துக்கொள்ளும், எது ஆகாது என்று எனக்கு அத்துப்படி. என் பொடியை வாங்கும் தாய்க்கு என் முகம் தெரியாது, அந்தச் சீட்டு மட்டும்தான் தெரியும். அதில் நான் பொய் சொல்லியிருந்தேன்.

மறுபடி மாதிரி எடுக்க வந்தார்கள். இந்தத் தடவை பாக்கெட்டை அந்தப் பெண்ணே பார்த்து எடுத்தது. என்னை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். (காவலுக்குப் பாண்டியம்மாள்.) மாசம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பாஸ் என்று செய்தி வந்தது. ஆபீசில் நான் ஒத்துக்கொண்ட நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடாமலே இருந்த பாண்டியம்மாள் கடைச் சாவியை என் கையில் வைத்து, "பூட்ட மட்டும் தெறக்கா. பாக்கெட்டப் பிரிச்சுராத" என்றாள்.

எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பேச்சு. உப்புமாவில் முந்திரி தட்டுப்பட்டால் மகன் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "இது லேபிள்ல இருக்கா?" என்கிறான். போன மாசம் பேரனுக்குச் சம்பந்தம் பேச வந்த பெண் வீட்டாரிடம், அவனுக்குக் கோபமே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பேத்தி குரல் கொடுத்தாள்: "அப்பத்தா, லேபிள்ல உள்ளத மட்டும் சொல்லு."

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவளும் அவள்தான். எங்கே தாயி, எழுதினதை ஒரு தடவை நிதானமா வாசிச்சுக் காட்டு. நான் சொல்லாத நல்லது எதையாவது நீயா சேத்திருந்தா, அதை அடிச்சுரு.