மஞ்சூர் பள்ளத்தாக்கில் ஒரு சார்டானா

ஒரு விஷயத்தைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டவனிடம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஒலிபெருக்கியை மட்டும் கொடுக்கக் கூடாது. இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. அந்தப் பாதி தெரிந்தவன் நான்தான்.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். ரஷ்யாக்காரர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மஞ்சூருக்குப் பக்கத்தில் நான் கிளார்க்காக இருந்த பாக்டரியில் தேயிலை மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பச்சை இலை கொண்டுவரும் சிறு விவசாயிகள், பறிகூலிக்கே கட்டவில்லை என்று முகம் வாடித் திரும்பினார்கள். எஸ்டேட் பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மலையே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்தச் சமயத்தில் ஒருவன் மட்டும் லாபமடைந்தான் என்றால் அது நான்தான். (இதை மஞ்சூர் பஜாரில் சொல்லிவிடாதீர்கள்.)

காலியான பங்களாக்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் குன்னூரில் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தன. இஸ்திரிப் பெட்டி வாங்கப் போன நான், ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு கட்டு இசைத்தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி கோகிலா பொள்ளாச்சிக்காரி, அதிகம் பேச மாட்டாள். “இதுல துணி தேய்க்க முடியுமாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

எந்தப் புண்ணியவான் சேர்த்தவையோ, பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டு இசைத்தட்டுகள். முதல் தட்டில் ஒருவர் கிதார் வாசித்தார். ஒரு மனிதனுக்குப் பத்து விரல்தான் என்பதை அதைக் கேட்டபின் நான் நம்பவில்லை. இரண்டாவதில் ஒரு பெண் பாடினாள். பாட்டு என்றால் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தொண்டை கிழிந்தாலும் சரி, சொல்ல வந்ததைச் சொல்லியே தீருவேன் என்று பாடினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ரசம் கொதித்து அடுப்பில் வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பித்து முற்றியது. ஊட்டி நூலகத்தில் ஜாஸ் வரலாற்றுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஜாஸ் பிறந்த அமெரிக்கத் துறைமுக ஊரிலேயே கியூபா வழியாக வந்த ஸ்பானியத் தாளமும் கலந்திருந்தது என்று படித்தபோது, என் சொந்தக்காரர் யாரோ பெரிய பதவிக்கு வந்ததுபோல் பூரித்துப் போனேன். பார்சிலோனாவில் பதிவான ஒரு ஜாஸ் தட்டும் கட்டில் இருந்தது. அதில் பியானோக்காரர் ஊர்ப்பாட்டு ஒன்றை எடுத்து, அதைச் சிதைக்காமலே தலைகீழாக நிற்க வைப்பார். பாக்டரியில் கணக்கு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதை விளக்கினேன். வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒருமுறை வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு, ஸ்பானியக் குழு ஒன்றின் கச்சேரிக்காகப் பெங்களூர் வரைக்கும் போனேன். அவர்கள் கை தட்டுவதே ஒரு வாத்தியம். பன்னிரண்டு தட்டுச் சுற்று, அழுத்தம் எங்கெங்கோ விழும். நான் தொடையில் ஆதி தாளம் போட்டுச் சமாளிக்கப் பார்த்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் என் கையை ஒரு பார்வை பார்த்தார். மிச்சக் கச்சேரி முழுவதும் கையை மடியில் கட்டிக்கொண்டு கேட்டேன். அப்படியும் அது என் வாழ்நாளின் மிகச் சிறந்த மாலைகளில் ஒன்று.

கட்டின் அடியில் இருந்த தட்டுதான் என் வில்லன். கட்டலோனியா என்பது ஸ்பெயினின் ஒரு மூலை, அவர்களுக்கென்று தனி மொழி, தனி இசை என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. அவர்களுடைய வட்ட ஆட்டத்துக்குச் சார்டானா என்று பெயர். முதலில் ஒரு குட்டிப் புல்லாங்குழல் கீச்சிடும். பிறகு தெனோரா என்று ஒரு குழல் எழும் பாருங்கள், நம் நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கேயோ கடலுக்கு அப்பால் இருப்பவர்களும் இப்படி ஒரு சத்தத்தை விரும்பியிருக்கிறார்களே என்று தட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இந்த நிலையில்தான் பார்சிலோனாவிலிருந்து ஜோர்டி என்று ஒரு தேயிலை வியாபாரி எங்கள் பாக்டரிக்கு வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் முதலாளி கோயமுத்தூர்க்காரர், நல்ல மனிதர், அந்த வருடம் பாதி இளைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா மணி, இந்த ஆளு வாங்குனா பாக்டரி ஓடும். இல்லாட்டி அடுத்த மாசம் பூட்டுத்தான். உனக்கு அந்த ஊர்ப் பாட்டெல்லாம் அத்துபடிங்கறியே, வரவேற்பை நீ பாத்துக்கோ.”

பூட்டினால் நான் ஈரோட்டில் மச்சானுடைய ஆணிக் கடைக்குப் போய் உட்கார வேண்டியதுதான். மச்சான் நல்லவர், ஆனால் நாளெல்லாம் ரேடியோவில் விளம்பரம் மட்டும் கேட்பவர். உயிரைக் கொடுத்தாவது ஜோர்டியை மயக்குவது என்று முடிவெடுத்தேன்.

முதலாளி விருந்தாளியை அழைத்துவரக் கோயமுத்தூர் போய்விட்டார். நான் சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, இலை வாட்டும் மாடியின் கூரையில் பள்ளத்தாக்கைப் பார்த்து இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டச் சொன்னேன். காலையிலேயே சார்டானாத் தட்டைப் போட்டுச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. எங்கள் பாக்டரியின் வயரிங் பழசு. மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் படுத்துவிடும். என் ரெக்கார்டு பிளேயரும் கூடவே படுத்தது. துள்ள வேண்டிய ஆட்டப்பாட்டு இழுத்து இழுத்து ஒப்பாரியாக வந்தது. எனக்கென்னவோ அதிலும் ஒரு கம்பீரம் தெரிந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன்.

சுற்றிலும் உள்ள ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், குழலும் மேளமும் நேரங்கெட்ட நேரத்தில் இப்படி இழுத்து ஒலித்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ போய்விட்டார்கள். கேட்டவர்கள் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார்கள். வாழ்ந்து முடித்த பெரியவர் என்றால் ஆடியும் அனுப்புவார்கள். பல வருடம் அங்கே சோறு தின்ற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் மனதளவில் பார்சிலோனாவில் இருந்தேன்.

முதலில் வந்தவர் போஜன். எங்களுக்கு இலை போடும் விவசாயி. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைப் போர்வை, கையில் மஞ்சூர் பஜாரில் வாங்கிய ரோஜா மாலை. வரவேற்புக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

“கோயமுத்தூர்ல இருந்து கொண்டாறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க, வேன்ல கொண்டாறாங்க. முதலாளியும் அதுலதான் இருக்காரு.”

போஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நேத்துப் பாத்தப்பவே மொகம் சரியில்லீங்க. இந்த வெலை அவரக் கொன்னுபோட்டுது” என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, உண்மைதான் என்று தலையாட்டினேன்.

அதன்பின் சரிவெங்கும் வெள்ளையாக மனிதர்கள் ஏறி வந்தார்கள். பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து விம்ம ஆரம்பித்தார்கள். அவ்வளவு அழுகையையும் இசையின் மகிமை என்றே நான் எடுத்துக்கொண்டேன் என்றால், என் அறிவின் ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். செய்தி பாக்டரிக்குள்ளும் போனது. முதலாளி இறந்த நாளில் இயந்திரம் ஓடலாமா? தொழிலாளர்கள் எல்லா மோட்டார்களையும் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மோட்டார் நின்றதும் வோல்டேஜ் எழுந்தது. ஒப்பாரி ஒரு குலுக்கலில் சார்டானாவாகித் துள்ளியது. சரியாக அப்போதுதான் வேன் வந்து நின்றது.

கதவைத் திறந்து முதலாளி தன் காலாலேயே இறங்கினார். ஓங்கி எழுந்த ஓர் அழுகை பாதியில் நின்றது. போஜன் கையில் மாலையோடு அப்படியே சிலையானார். முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆணிக் கடையின் துரு வாசனை மூக்கில் ஏறியது.

கொண்டை ஊசி வளைவுகளில் வெளிறிப்போய், ஜோர்டி தள்ளாடி இறங்கினார். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் ஊர்ச் சதுக்கத்தில் தன் அப்பா ஆடுவது இதற்குத்தான் என்றார். இத்தனை பேரும் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். இந்த இசையைக் கேட்டுத்தான் வந்தார்கள் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அந்த மனிதர் தன் பையையும் கோட்டையும் முற்றத்தின் நடுவில் வைத்தார். ஆடுகிறவர்கள் உடைமைகளை நடுவில் போட்டுவிட்டுச் சுற்றி ஆடுவது அவர்கள் வழக்கமாம். போஜன் என்ன செய்வதென்று தெரியாமல் மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். ஜோர்டி ஒரு கையால் போஜனையும் மறு கையால் முதலாளியையும் பிடித்துத் தோளுக்கு மேல் உயர்த்தி, நிதானமாகக் கால் வைத்தார். வட்டமாக ஆடுவது படுகர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கால் மாற்றி வைத்த சிலர் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டார்கள். அழ வந்த பெண்கள் சிரித்தார்கள். தன் சாவுக்குத் தானே ஆடிய ஒரே முதலாளி எங்கள் முதலாளிதான். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, அவமானத்தில் செத்துக்கொண்டிருந்த நான்கூடப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜோர்டி தேயிலை வாங்கினார். கூரையைத் தொட்ட மூட்டைகள் எல்லாம் போகவில்லை. ஆனால் பூட்டு விழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசாத முதலாளி, மூன்றாம் நாள் கூப்பிட்டு, “நான் நெசமாப் போனாலும் அதையே போட்ரு” என்றார். கோகிலா இன்றைக்கும் நான் எந்தத் தட்டைப் போட்டாலும் சமையலறையிலிருந்து, “ஏனுங்க, யாருங்க போனாங்க?” என்று கேட்பாள்.

பல வருடம் கழித்து, நிறைய வாழ்ந்து, முதலாளி நிஜமாகவே போனார். சொன்னபடி முற்றத்தின் நடுவில் அவரைக் கிடத்தி, கூரையில் ஒலிபெருக்கி கட்டிச் சார்டானாவைப் போட்டேன். அந்தப் பாட்டு சாவுக்கல்ல, விருந்தாளிக்கு என்று ஹட்டிகளுக்கு அதற்குள் விவரம் தெரிந்திருந்தது. போஜன் புது ஸ்வெட்டர் போட்டு, சிரித்த முகமாக, கையில் மாலையோடு சரிவேறி வந்தார்.

“இந்த வாட்டி எந்த ஊருக்காரருங்க வந்திருக்காரு?”

முற்றத்தைக் காட்டினேன். அவர் முற்றத்துக்குள் போனார். வரவேற்புக்கு வாங்கிய அந்த மாலையை முதலாளிக்குப் போட்டார். பிறகு திரும்பி வந்து, என் கையைப் பிடித்து உயர்த்தினார். முதலாளியை நடுவில் வைத்து ஆடினோம்.

பஜாரில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் போஜன் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. “உங்க பாட்டுக்கு ரெண்டு வாட்டி வந்தோமுங்க. ரெண்டு வாட்டியும் தப்பாத்தான் வந்தோம்.”