ஆள் ஏறாமல் முறுக்காத பாரமண்ணை

வேலணையிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் தேடினாலும் பாரமண்ணையைப் போல ஒரு கோபக்காரனைக் காணமுடியாது. கார் திருத்துகிற மனிதர். வண்டியைக் கொண்டுபோனால் முதலில் எங்களைக் கழற்றிப் பூட்டிவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார்.

அவருக்கு அந்தப் பெயர் ஒரு பிடிவாதத்தால் வந்தது. பின்சில்லு வேலை என்றால், நட்டின் கடைசி முறுக்கை ஆள் ஏறாமல் முறுக்கமாட்டார். ஜக்கில் தூக்கி வைத்து முறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் உள்ளே அச்சைத் தாங்குகிற ரப்பர் புஷ் திருகுப்பட்டுக் கிழிந்துபோகுமாம். ஆகவே பாரம் வேண்டும், அதுவும் வழக்கமாகப் போகிற ஆட்களே ஏறி உட்காரவேண்டும். அவர் வண்டிக்குக் கீழே வெட்டியிருக்கிற குழிக்குள் நின்று முறுக்குவார்.

"நாலு மூட்டை சீமெந்தை ஏத்தினால் காணாதோ அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

"சீமெந்தோ உம்மட காரில கோயிலுக்குப் போறது?"

ஒருமுறை கலியாணக் காரில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறார், முகூர்த்தம் நெருங்குகிறது. பாரமண்ணையோ, "தோழன் எங்கை? தோழனும் ஏறவேணும்!" என்று குழிக்குள் நின்று கத்துகிறார். தோழன் சவரம் பாதியில் ஓடிவந்தான்.

என் கதைக்கு வருகிறேன். மண்கும்பானுக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் ஸ்டியரிங்கை வெட்டினேன், இடது பின்சில்லு மதகுக் கட்டில் மோதியது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அன்று தொடங்கியது, பள்ளத்தில் விழும்போதெல்லாம் கேட்கிற அந்த 'டங்'. டவுனில் ஒரு கராஜில் ஷொக் அப்சோபரை மாற்றினார்கள். டங் போகவில்லை.

வேறு காலமென்றால் பொருட்படுத்தியிருக்கமாட்டேன். என் மனைவிக்கு முதுகெலும்பில் புற்றுநோய். கிழமைக்குக் கிழமை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பின்சீட்டில் படுத்திருப்பாள். ஒவ்வொரு டங்குக்கும் துவாயைக் கடித்துக்கொள்வாள். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுவது பெரிய கொடுமை.

கடைசியில், "இனி நான் வரேல்லையப்பா. வீட்டிலயே கிடக்கிறன்," என்று சொல்லிவிட்டாள்.

பாரமண்ணையிடம் ஓடினேன். பெயரிங் என்றார், மாற்றினார். டங். ஸ்பிரிங் என்றார், மாற்றினார். டங். என்னைத் திட்டினார், அந்த மாட்டைத் திட்டினார். பிறகு முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் நூல் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கம் அளந்த நூல் இடப்பக்கத்துக்கு எட்டவில்லை.

"பின் அச்செல்லோ வளைஞ்சு கிடக்கு! முதலே பாக்காமல் விட்டிட்டன், விசரன் நான்."

பழைய காரொன்றிலிருந்து நேரான அச்சைக் கொண்டுவந்து, புதுப் புஷ் போட்டுப் பூட்டினார். "இனி அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார்.

"அவவுக்கு ஏலாது அண்ணை."

"ஏலாத ஆளுக்குத்தானே இவ்வளவும் செய்யிறன்? கூட்டிக்கொண்டு வாரும்!"

ஓட்டோவில் மெல்லக் கொண்டுவந்தேன். தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தேன்.

"என்னப்பா பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஏத்துமன்!" என்று குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நான் ஏறிட்டன் அண்ணை," என்றாள் அவள்.

ஆள் ஏறியதே தெரியாமல் ஸ்பிரிங் அமுங்காமல் அப்படியே நின்றிருக்கிறது. ஒரு கையால் தூக்கக்கூடிய அளவுக்கு அவள் மெலிந்துவிட்டது எனக்குத் தெரியும். அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை திட்டாமல் முறுக்கி முடித்தார். மேலே வந்து, யன்னலால் குனிந்து, "நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார். பிறகு என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டினார்.

பண்ணைப் பாலத்தில் அவள் நித்திரையாகிவிட்டாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு வந்த நித்திரை. ஆஸ்பத்திரி வாசலில் பாரமண்ணை காரை நிறுத்தினார், எழுப்ப விடவில்லை. பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். இறங்கிப் போனார். சண்டைதான் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"அடியாதை தம்பி. பிள்ளை நித்திரை கொள்ளுது."

அவள் இப்போது இல்லை. பாரமண்ணை இன்றைக்கும் ஊரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். யாராவது அவரைக் குறை சொன்னால், நான் அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.