தைரியராஜின் தொண்டையும் வால்மிளகும்

உலகில் தோன்றிய மசாலாப் பொருட்களிலேயே மேடைப் பேச்சாளர்கள் மீது உண்மையான அக்கறை கொண்டது வால்மிளகு ஒன்றுதான். ஏலக்காய் பாயசத்துக்குப் பாடுபடுகிறது. பட்டையும் கிராம்பும் பிரியாணிக்கே தங்களை அர்ப்பணித்துவிட்டன. பொதுக்கூட்டங்களின் எதிர்காலத்தை நினைத்துப் பார்த்தது வால்மிளகு மட்டுமே. இந்தப் பேருண்மையைக் கடலூர் மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பை, அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற தைரியராஜ், யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே ஏற்றிருந்தார்.

அவருக்கு இப்போது ஒரு சின்னச் சிக்கல். தொண்டை கட்டிவிட்டது.

தொண்டை யாருக்கும் கட்டும். வால்மிளகு சாப்பிட்டும் கட்டியதுதான் சிக்கல். ரசத்தில் தட்டிப் போட்டார், பாலில் காய்ச்சிக் குடித்தார், பொடித்துத் தேனில் குழைத்தார், வெற்றிலைக்குள் மடித்து மென்றார். வஞ்சிரக் குழம்பில்கூட மிளகுக்குப் பதில் அதையே போடச் சொன்னார். குழம்பு மணத்தது. மேற்படி தொண்டையில் எந்த முன்னேற்றமும் இல்லை.

இன்னொரு புதிரும் இருந்தது. அவர் மனைவி ஆரோக்கிய ராணிக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடத் தொண்டை கட்டியதில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் அவர் பாட்டெடுத்தால், கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

"ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே வால்மிளகு. உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. எப்படி?" என்றார் தைரியராஜ், காற்றில் கிழிந்த காகிதம் போன்ற குரலில்.

"என்னக் கேட்டீங்கன்னா..." என்று தொடங்கினார் ராணி.

"நீ செத்த இரு. நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

யோசிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. வரும் ஞாயிறு சிதம்பரத்தில் 'மறந்த மசாலா மீட்பு மன்றம்' நடத்தும் மாநாட்டில் அவர் சிறப்புரை ஆற்ற வேண்டும். தலைப்பு: 'வால்மிளகும் குரல்வளமும்'. முடிவில் அவருக்கு 'நறுமணச் செம்மல்' பட்டம். வால்மிளகு தொண்டையைத் திறக்கும் என்பதைத் திறக்காத தொண்டையால் எப்படி அறிவிப்பது? ஊர் சிரிக்கும். தன்னைப் பார்த்துச் சிரித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். வால்மிளகைப் பார்த்துச் சிரிப்பார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

ஆகவே சிகிச்சையைத் தீவிரப்படுத்தினார். சட்டைப் பையில் ஒரு டப்பா எப்போதும் தயாராக இருந்தது. போன இடமெல்லாம் இரண்டு வால்மிளகை வாயில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டபின் அதன் பெருமையை அருகிலிருப்பவருக்குச் சொல்லாமல் இருப்பது சமூகத் துரோகம் அல்லவா? மீன் விற்கும் அமிர்தத்திடமும் சொன்னார்.

"இங்க பாரும்மா, சாதா மிளகு உருண்டையா இருக்கும். இதுக்குக் காம்பு உதிராம வால் மாதிரி நிக்குது பாரு. முதல்ல காரமா இருக்கும், அப்புறம் கற்பூரம் மாதிரி குளுகுளுன்னு..."

"மீனுக்குந்தான் வால் இருக்குது, ஐயா. எடுக்கிறீங்களா, தள்ளி நிக்கிறீங்களா? பின்னால ஆள் நிக்குது."

வங்கி வரிசையில் சொன்னார். முடிதிருத்தும் கடையில், கத்தி கழுத்தில் இருந்தபோதும் சொன்னார். சனிக்கிழமை மாலைக்குள், மிச்சமிருந்த அரைக் குரலும் போய்விட்டது.

ஞாயிறு காலை, சிறப்பு விருந்தினரை உரிய மரியாதையுடன் அழைத்துச் செல்ல மன்றச் செயலாளர் உத்திராபதி கடலூருக்கே வந்தார். உரிய மரியாதை என்பது சிதம்பரம் பேருந்தில் சன்னலோர இருக்கை. ராணி முன் இருக்கையில் உட்கார்ந்தார். தைரியராஜ் இரண்டு வால்மிளகைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

"சார், எங்க மன்றத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாது," என்று உத்திராபதி முந்திக்கொண்டார். "மொத்தம் மூணு துணைக்குழு. கல்பாசிக்கு ஒண்ணு, மராட்டி மொக்குக்கு ஒண்ணு. அது ரெண்டுக்கும் சண்ட வந்தா சமாதானம் பேச ஒண்ணு. அந்த மூணாவது குழுவுலதான் இப்ப சண்ட ஜாஸ்தி."

தைரியராஜ் மறுபடி வாயைத் திறந்தார்.

"இருங்க சார், முடிச்சிடறேன்."

ஆலப்பாக்கம் வந்தது. உத்திராபதி முடிக்கவில்லை. புதுச்சத்திரம் போனது. மன்றத்தின் விதிமுறைகளில் நான்காம் பிரிவு ஏன் நீக்கப்பட்டது, பிறகு ஏன் சேர்க்கப்பட்டது என்பது நடந்துகொண்டிருந்தது. தைரியராஜ் தம் வாழ்நாளில் இப்படி ஒரு மனிதரைச் சந்தித்ததில்லை. கண்ணாடியைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

வேறு வழியின்றி வாயை மூடிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே ஒரு வேலை நடந்தது. காரம் பட்டதும் எச்சில் ஊறியது. வால்மிளகின் சாறு அதில் இறங்கி, சொட்டுச் சொட்டாகத் தொண்டைக்குப் போனது. குரல் என்பது தொண்டைக்குள் இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. பேசப் பேச அவை உரசி வீங்கும். உள்ளே போகும் காற்று, ஊறிய எச்சிலையும் உலர்த்திவிடும். ஒருபுறம் மருந்து போட்டு மறுபுறம் புண்ணைச் சுரண்டுவது போலத்தான் அவர் இதுவரை வைத்தியம் பார்த்திருக்கிறார். பி.முட்லூர் தாண்டும்போது இது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது.

சிதம்பரத்தில் பேருந்து நின்றது. "இறங்கலாமா?" என்றார் தைரியராஜ். சுத்தமான குரல். ராணி திகைத்துத் திரும்பிப் பார்த்தார். உத்திராபதி ஏதோ பதில் சொன்னார். காற்று மட்டும் வந்தது.

இதனால் வரவேற்புரை ரத்தானது. மன்ற வரலாற்றில் முதல்முறையாகச் சிறப்பு விருந்தினர் குறித்த நேரத்தில் மைக்கைப் பிடித்தார். பதினாறு பக்க உரையை மடித்துப் பையில் வைத்தார்.

"பெரியோர்களே, ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்கிறேன். வால்மிளகு ரெண்டு போதும். கன்னத்துல ஒதுக்கி வச்சிட்டு, கரையிற வரைக்கும் பேசக்கூடாது. இதுக்கு ஆதாரம் என் மனைவி. எங்க வீட்டு வால்மிளகை நான் பேசிக்கிட்டே சாப்பிட்டேன். அவுங்க பேசாம சாப்பிட்டாங்க. இத்தனை வருஷத்துல அவுங்களுக்குத் தொண்டை கட்டினதே இல்ல."

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. பட்டம் வழங்கப்பட்டது. குரலற்ற உத்திராபதி கைகளை ஆட்டி, 'ஆதாரத்தை' மேடைக்கு அழைத்தார். ஆரோக்கிய ராணி தயங்கி வந்து மைக் முன் நின்றார். கணவர் பெருமிதத்தோடு, "சொல்லு, ராணி," என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லிக் கேட்டதாக ராணிக்கு நினைவில்லை.

"அவுங்க சொன்னதுல ஒண்ணு மட்டும் தப்புங்க," என்றார். குரல் கோயில் மணி போல் இருந்தது. "எனக்கு வால்மிளகு ஒத்துக்காது, நெஞ்சு எரியும். கல்யாணமானதுலேருந்து எனக்குன்னு தனியாத்தான் ரசம் வச்சிக்கிறேன். அதச் சொல்ல இன்னைக்கித்தான் நேரம் கெடச்சுது. இவ்ளோ வருஷமா என்னப் பேச விட்டதில்ல. தொண்டைக்கு அது ஒண்ணே போதுங்க."