பேரணி பாசஞ்சர்

இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, இனி இந்த வீட்டில் கணக்குப் பேசினால் தன் பெயர் தேவநாதன் இல்லை என்று தேவநாதன் சபதம் செய்தார்.

காரணம் அந்த இட்லிதான். தட்டில் ஏழு இருந்தது.

"ஏழு பகா எண், காந்தி. ரெண்டு பேருக்குச் சமமாப் பங்கு போடவே முடியாது."

"உங்களுக்கு மூணு, எனக்கு நாலு. முடிஞ்சிபோச்சி. சாப்புடுங்க."

"அதுக்குப் பேரு பங்கு இல்ல, பறிப்பு."

"இன்னாங்க, பேஜாராப் போச்சி உங்களோட!" என்றாள் காந்திமதி. "நேத்து சாம்பார்ல முருங்கக்கா எண்ணிக்கினு இருந்தீங்க. முந்தாநாள் பக்கத்து வூட்டு வேணி காயவச்ச துணிய எண்ணிக்கினு இருந்தீங்க. அவ வந்து என்னைக் கேக்குறா. போன் இருக்குதில்ல? உங்க மூளைக்குச் சமமா எவனாச்சும் இருந்தா அதுல தேடிக்கினு போங்க!"

சமமான மூளைக்கு எங்கே போவது? சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கராக இருந்தவர் தேவநாதன். லாரி வரும் சத்தத்தைக் கேட்டே எத்தனை டன் கரும்பு என்று சொல்லிவிடுவார். அவர் தலையைப் பார்த்ததும் டிரைவர்கள் தாங்களாகவே நாலு கரும்பை இறக்கி வைத்துவிடுவார்கள் என்று திண்டிவனத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவர் அவர்தான்.

சமமான மூளைகள் ஒரு காலத்தில் இருந்தன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கல்லூரிக்குப் போன பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டியில். எண்பதாம் வருஷம். நாலு பையன்கள், ஒரு சாக்பீஸ். பலகை சீட்டில் எழுதுவார்கள், ஜன்னல் கட்டையில் எழுதுவார்கள், அட்டை டிக்கெட்டின் முதுகில் எழுதுவார்கள். மயிலத்தில் ஆரம்பித்த வகுத்தல் முண்டியம்பாக்கம் வரை மீதி வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அபராதம் போட வந்த டிக்கெட் பரிசோதகர் கணக்கில் சிக்கிக்கொண்டு, விழுப்புரத்தில் இறங்க மறந்து, பண்ருட்டி வரை போய்விட்டார். பாவம், அங்கே அவர் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டதாகக் கேள்வி.

அந்த நாலு பேருக்கும் ராஜா அந்தோணிசாமிதான். பேரணி ஸ்டேஷனில் ஏறுவான். படிப்பு முடிந்து வடக்கே வேலைக்குப் போனவன், போனவன்தான். நாற்பது வருஷமாக ஒரு தகவல் இல்லை. எத்தனையோ சாயங்காலம், ரயில் கூவும்போது தேவநாதனுக்கு உள்ளங்கையில் சாக்பீஸ் நமநமக்கும்.

காந்திமதிக்கும் பேரணிதான் பிறந்த ஊர். ஆனால் அது கல்யாண சம்பந்தம். கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சபதம் செய்த மறுநாளே, தெரியாத எண்ணிலிருந்து போனுக்கு ஒரு லிங்க் வந்தது. தொட்டார். 'கணக்குப் பிரியர்கள்' என்று ஒரு குரூப். இருநூற்றுச் சொச்சம் பேர். மூன்றே நாளில் தேவநாதனுக்கு வயசு இருபதாகிவிட்டது. பல் தேய்க்கும்போது கணக்கு, பால் பொங்கும்போது கணக்கு. பால் பொங்கிப் போனதையும் லிட்டரில் சொன்னார்.

நாலாம் நாள் 'பேரணி பாசஞ்சர்' என்ற பெயரில் ஒருவர் குரூப்பில் ஒரு கேள்வி போட்டார். எந்த ஐந்து டிக்கெட்டை எடுத்தாலும், அதில் ஏதாவது மூன்று டிக்கெட்டின் எண்களைக் கூட்டினால் மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். ஏன்?

தேவநாதன் கையில் இருந்த காப்பி மடியில் கொட்டியது. அந்தோணிசாமி கடைசிப் பெட்டியில் எழுதிப் போட்ட கணக்கு! நாலு பேரும் மூன்று வருஷம் மோதியும் ஏன் என்று நிரூபிக்க முடியாத கணக்கு! உலகத்தில் நாலே பேருக்குத் தெரிந்தது. பேரணியில் ஏறியவன் ஒருத்தனே ஒருத்தன்.

"அந்தோணி!" என்று போனைத் தடவினார். இவன் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், சபதம் கிடக்கட்டும் என்று, சட்னிக்கு வேர்க்கடலை, அவள் பாஷையில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்த காந்திமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் சொல்வதுபோல் சொன்னார்.

காந்திமதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எம்மாம் பெரிய நம்பரா இருந்தாலும் மூணால வகுத்தா மீதி ஒண்ணு வரும், ரெண்டு வரும், இல்லாட்டி ஒண்ணுமே வராது. மூணே தினுசு. மல்லாட்டையும் அப்பிடித்தான. ஒத்தப் பருப்பு, ரெட்டப் பருப்பு, மூணு பருப்பு."

"அதனால?"

"அஞ்சு காய் எடுங்க. மூணு தினுசும் அதுல இருந்தா, தினுசுக்கு ஒண்ணு. ஒண்ணும் ரெண்டும் மூணும் ஆறு. வகுபடுதா?"

"மூணு தினுசும் இல்லாட்டி?"

"ரெண்டு குவியல்லயே அஞ்சு காயும் அடங்கணும். அப்போ ஒரு குவியல்ல மூணாச்சும் இருந்தே ஆவணும். அந்த மூணையும் எடுங்க. ஒரே மாதிரி மூணு, மூணால வகுபடாம எங்க போவும்? நவுருங்க, தோலு மேல ஒக்காந்துக்கினு இருக்கீங்க."

தேவநாதன் நகர்ந்தார். மல்லாட்டை வாசனை துளிகூட வராமல், எக்ஸ் ஒய் எல்லாம் போட்டு, 'தேவநாதன் தேற்றம்' என்று தலைப்பு வைத்து குரூப்பில் ஏற்றினார். கைதட்டல் பொம்மைகளாகக் கொட்டின. பேரணி பாசஞ்சர் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "பிரமாதம். இதே மாதிரி எந்த ஏழு நம்பர் எடுத்தாலும் அதுல ஏதாவது நாலைக் கூட்டினா நாலால வகுபடும். அது ஏன்? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி, விழுப்புரம் ஜங்ஷன், கடைசிப் பெட்டி நிற்கும் இடம். நேரில் சொல்லுங்கள்."

தேவநாதன் மறுபடியும் அடுக்களைக்குப் போனார்.

"காந்தி, ஏழு மல்லாட்டை எடுத்தா..."

"இன்னிக்கி தக்காளிச் சட்னி."

சரி, ஏழு வராவிட்டால் போகட்டும், அந்தோணி வந்தால் போதும். ஆனால் காந்திமதி கூட வந்துவிட்டால்? "அந்த அஞ்சு கணக்கு நான் சொன்னதில்ல?" என்று அந்தோணிசாமி எதிரிலேயே போட்டு உடைத்துவிடுவாள். நாற்பது வருஷ மானம் நடைமேடையில் உருளும்.

"காந்தி, ஞாயித்துக்கெழம பௌர்ணமி. வேணியோட திருவக்கரை போயி அம்மனப் பாத்துட்டு வாயேன்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்களா போன்னு சொன்னதே இல்லியே?"

"பக்தி திடீர்னுதான் வரும். நான் விழுப்புரம் போறேன். பல் டாக்டரு."

"ஞாயித்துக்கெழமயா?"

"பல்லுக்குக் கெழம தெரியுமா?"

காந்திமதி பூஜைக் கூடையைத் தேடி எடுத்தாள். ஞாயிறு விடிந்ததும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கூடையோடு கிளம்பிவிட்டாள்.

பத்தே முக்காலுக்கு விழுப்புரத்தில் இறங்கிய தேவநாதன், சட்டைப் பையில் புது சாக்பீஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடைமேடைக் கோடிக்கு நடந்தார். பெஞ்சில் காந்திமதி உட்கார்ந்திருந்தாள். மடியில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம்.

"ஏங்க, பல்லு எப்பிடி இருக்குது?"

"நீ திருவக்கரை போவல?"

"வேணிதான் போனா. உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்னா."

"சரி, சரி, ஜல்தி கெளம்பு. எனக்கு ஒரு முக்கியமான ஆளு வராரு."

போன் ஒலித்தது. பேரணி பாசஞ்சர்: "வந்துட்டேன். எதிர்லதான் இருக்கேன்."

திரும்பினார். எதிரே தூணோரம் தொப்பி போட்ட ஒரு பெரியவர். "அந்தோணி!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். பெரியவர் பயந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்றார். மறுபடி போன் ஒலித்தது: "அந்த எதிர் இல்லீங்க. இந்த எதிர்."

காந்திமதி தன் போனை உயர்த்தி ஆட்டினாள்.

தேவநாதன் பெஞ்சில் உட்காரவில்லை, விழுந்தார்.

"டைப்ரைட்டிங் கிளாஸுக்கு அதே வண்டியில, அதே பெட்டியில, எதிர் சீட்டுல வந்துக்கினு இருந்தேன்," என்றாள் காந்திமதி. "ஒருநாள் பொறுக்க முடியாம, மல்லாட்டைய எடுத்து, இப்பிடி மூணு தினுசுன்னு காட்டினேன். நாலு பேரும் அதை வாங்கித் தின்னுட்டு, மறுபடியும் சாக்பீஸக் கையில எடுத்துக்கினீங்க. தலை நிமிந்து பாத்தது அந்தோணி அண்ணன் ஒருத்தருதான்."

"அப்போ பொண்ணு பாக்க வந்தப்பவே என்னைத் தெரியுமா உனக்கு?"

"அப்பவும் நீங்க பஜ்ஜிய எண்ணிக்கினு இருந்தீங்க."

"அந்தோணி எங்க இப்போ?" என்றார் தேவநாதன்.

"ஊரோட வந்துட்டாரு. போன மாசம் மயிலத்துக் கல்யாணத்துல பாத்தேன். நீங்க பந்தியில இருந்தீங்க. அவருதான் அந்த குரூப்புக்கு அட்மின், நான் சொல்லி உங்களுக்கு லிங்க் அனுப்புனதும் அவரேதான். உங்க தேற்றத்தப் பாத்துட்டு, 'தங்கச்சி, நம்ம மல்லாட்டைக்குக் கோட்டு சூட்டு மாட்டி உட்டுருக்கான் உன் வூட்டுக்காரன்'னு போன்ல ஒரே சிரிப்பு. நாளைக்கு வூட்டுக்கு வராரு."

வண்டி வந்தது. கடைசிப் பெட்டியில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்ததும் தேவநாதன் மெல்லக் கேட்டார்.

"அந்த ஏழு கணக்கு... சொல்லேன், காந்தி. நாளைக்கு அவன் கேப்பான்."

காந்திமதி ஏழு காய்களை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஜோடி ஜோடியா சேத்துப் பாருங்க. வரும்."

அவர் ஒவ்வொன்றாக உடைத்தார். தோலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பருப்பை அவள் கையில் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். முண்டியம்பாக்கம் போனது. விக்கிரவாண்டி போனது. பேரணியில் லேசாகப் புரிவதுபோல் இருந்தது. மயிலம் தாண்டியதும் பளிச்சென்று கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டுது, காந்தி! எங்க, பருப்பெல்லாம் குடு!"

காந்திமதி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மீதியில்லாம வகுத்துட்டேங்க."