நாலு எண்ணிக்கை மௌனம்

"நாலு எண்ணிக்கை. வெறும் நாலே நாலு எண்ணிக்கை சும்மா இருக்கணும். அதுக்கு உனக்கு என்னம்மா வலிக்குது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கெஞ்சினார். இது பதினேழாவது முறை. மெதுவான ஜாஸ் பாட்டு. நடுவில் சாக்ஸபோன் நின்று, நாலு எண்ணிக்கை மௌனம் காத்து, மறுபடி எழவேண்டும். அவளோ இரண்டு எண்ணுவதற்குள் பாய்ந்துவிடுகிறாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா உன் ரெக்கார்டு கிடையாது. கம்பெனியில வேற ஆளைப் பார்த்து வச்சிருக்காங்க."

அவளுக்கு இருபத்து மூன்று வயதில் கிடைத்திருக்கும் முதல் ரெக்கார்டு!

"நிறுத்த பயமா இருக்கு சார். நிறுத்தினா இடிப்பாரு."

"யாரு?"

"கீழ்வீட்டு டெய்லர்."

ஒலிப்பதிவாளர் தரையைக் குனிந்து பார்த்தார். கீழே கார் நிறுத்தும் இடம்தான் இருந்தது.

அவளுக்கு ஒன்பது வயதானபோது மாமா ஒரு பழைய சாக்ஸபோனைக் கொண்டுவந்து தலையில் கட்டினார். முதல் நாள் ஏதோ ஊதிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள். தரைக்கடியில் டொம், டொம், டொம். டெய்லர் ஒட்டடைக் கொம்பால் கூரையை இடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுஷன், பாவம். நீ நிறுத்துற வரைக்கும் பொறுத்திருந்து இடிக்கிறாரு," என்றாள் அம்மா.

மறுநாள் தரையில் மெத்தை விரித்தார்கள். இடி இரட்டிப்பானது. சாக்ஸபோனின் வாய்க்குள் அப்பாவின் காலுறைகளைத் திணித்தார்கள். இடி இன்னும் பலத்தது. கடைசியில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்தாள். டெய்லர் கால் மணி நேரம் விடாமல் இடித்தார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். அதைக் கேட்க யாருக்குத் தைரியம்? அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவாள்.

நிறுத்தினால்தானே இடி? நிறுத்தாமலே வாசித்தால்? கன்னத்தில் காற்றை அடக்கி, ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கப் பழகினாள். அம்மா அவளை அவசரக்குடுக்கை என்றாள். அதையே கிளப்புகளில் 'அடங்காத வேகம்' என்று கைதட்டினார்கள். அந்த வேகம்தான் அவளை இந்த ஸ்டூடியோ வரை இழுத்து வந்தது.

ஒலிப்பதிவாளர் விளக்கை அணைத்துப் பார்த்தார். இருட்டில் இன்னும் சீக்கிரம் பாய்ந்தாள். டிரம்ஸ்காரர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாய்ந்தாள். காலடியில் மெத்தை போட்டார்கள். மெத்தையைக் கண்டதும் பழைய ஞாபகம் வந்து ஒரு எண்ணிக்கைகூட நிற்கவில்லை.

"அந்த டெய்லரையே கூட்டிட்டு வரச் சொல்லு," என்றார் ஒலிப்பதிவாளர், பொறுமையிழந்து. "அவர் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கிறதை நீயே பாரு. பயம் தெளிஞ்சிடும்."

அம்மாவுக்குப் போன் பறந்தது. ஒரு மணி நேரத்தில், கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு டெய்லர் வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "பொண்ணு வாசிக்கிறதைக் கேக்க வாங்கண்ணா" என்று மட்டும் சொல்லி அழைத்து வந்திருந்தாள். கண்ணாடியை ஒட்டிய நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள்.

அவள் வாசித்தாள். கண்கள் டெய்லரின் கைகளை விட்டு நகரவில்லை. கைகள் மடியில் சாதுவாகக் கிடந்தன. அந்த இடம் வந்தது. நிறுத்தினாள்.

ஒன்று. இரண்டு.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்று. இத்தனை வருஷமாக அவள் கேட்டேயிராத அமைதி அது. கண்ணில் நீர் முட்டியது. ஒலிப்பதிவாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

டொம், டொம், டொம்!

டெய்லர் எழுந்து நின்று கண்ணாடியை இடித்துக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னங்கண்ணா, பதினாலு வருஷமாச்சு. இன்னுமா உங்களுக்குக் கோபம் தீரல?"

டெய்லர் திருதிருவென்று விழித்தார்.

"கோபமா? எனக்கென்னம்மா கோபம்? பாப்பா நிறுத்தினப்பல்லாம், 'இன்னும் கொஞ்சம் வாசி, சத்தமா வாசி'ன்னுதானே இத்தனை வருஷமா இடிக்கிறேன்!"