டர்போ அண்ணாச்சியின் ஐந்து நிமிடம்

கல்கத்தாவில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். தன் ஃபுட்பால் அணி தோற்றதற்காக மொட்டை போட்டுக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன். ஹில்சா மீன் விலை ஏறியதற்காக ஒரு வாரம் மௌன விரதம் இருந்தவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஆனால் எண்ணூறு சிசி காருக்குள் ரயில் இஞ்சினின் வீரத்தைப் புகுத்தப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் கீழ் வீட்டில் குடியிருந்தார்.

டர்போ அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சாந்த்ராகாச்சி யார்டில் டீசல் இஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பது வேலை. கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் அவர் வீட்டுக்கு மேலே, கல்யாணமாகாத குமாஸ்தாவாக நான் இருந்தேன். அவருக்கு உலகமே ரயில் இஞ்சின்தான். ஆக்சிலரேட்டரை மிதிப்பதை 'நாட்ச்' என்பார். டீசல் இஞ்சினில் எட்டு நாட்ச் உண்டாம். கறிகாய் வாங்கக் கிளம்பினாலும், "ரெண்டாவது நாட்ச்ல போயிட்டு வந்துருதேன்" என்றுதான் சொல்லுவார்.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் ஒரு பாலம். தொண்ணூறுகளின் நடுவில், மழை வெள்ளம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த சகலையையும் அவர் மனைவியையும் பேலூர் மடத்துக்குக் கூட்டிப் போனார் அண்ணாச்சி. முன்சீட்டில் அவரும் சகலையும். பின்சீட்டில் அண்ணாச்சியின் மனைவி மீனாட்சி மதினி, மதினியின் தங்கை, இருவருக்கும் நடுவில் நசுங்கிய கருவேப்பிலைக் கொத்து மாதிரி நான். ஏசி வேறு ஓடியது. இரண்டாவது ஹூக்ளி பாலத்தின் ஏற்றத்தில் பாதி போனதும் கார் மூச்சுவாங்கி நின்றுவிட்டது.

மதினி நல்ல தேகக்கட்டு. சகலை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மதினி மட்டும் கொஞ்சம் எறங்கிக்கிட்டாவன்னா வண்டி ஏறிரும்லா?"

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த மினி பஸ் கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நிலவரம் புரிந்துவிட்டது. படியில் தொங்கியபடி, "பௌதிகே நாமியே தின், தாதா!" என்று கத்தினான். அண்ணியை இறக்கிவிடச் சொல்கிறானாம். பஸ்ஸே சிரித்தது.

மதினி இறங்கினார். கார் ஏறிவிட்டது! அது ஏறாமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார். விறுவிறுவென்று கீழே நடந்து, வீட்டுக்கு பஸ் பிடித்துவிட்டார். அன்று சாயங்காலம் நாங்கள் திரும்பியதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இனிமே அந்த வண்டில நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

வைக்கவும் இல்லை. கோயில், டாக்டர், பவானிபூர் துணிக்கடை எல்லாம் பஸ்ஸில்தான். அண்ணாச்சி காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். இந்தக் கண்றாவியை நானே இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை போவதற்குள் அவருக்கு ஞானோதயம் ஆகிவிட்டது.

"வே, டீசல் இஞ்சினுக்குப் பலம் எங்கேருந்து வருதுங்கீரு? டர்போ! வெளிய போற பொகையே ஒரு காத்தாடியச் சுத்தும். அந்தக் காத்தாடி உள்ள காத்தைத் திணிக்கும். நிறைய காத்து, நிறைய பலம். நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டா மீனாட்சிய ஒக்கார வச்சு, ஏசியும் போட்டு, அந்தப் பாலத்துல சும்மா ஜம்முன்னு ஏறிரலாம்."

"புது கார் வாங்கிடலாமே அண்ணாச்சி?"

"வாங்கினா என்ன அர்த்தம்? அவ வெயிட்டுக்காக வண்டிய மாத்துனேன்னு ஆவாதா? இதே வண்டி, இதே பாலம். அதாம்வே கணக்கு."

மல்லிக் பஜாரில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு உஸ்தாதிடம், உடைந்துபோன ஏதோ டீசல் வேனின் டர்போ கிடைத்தது. அது போகப்போகிற காரைப் பார்த்த உஸ்தாத், "குருவி வயித்துல யானை இதயமா சாப்?" என்று இந்தியில் கேட்டார். அண்ணாச்சி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். இருவரும் மூன்று மாதம் காரின் முன்பக்கத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் தேவைப்பட்டது. மதினிக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் டயலைக் கழற்றி டாஷ்போர்டில் பொருத்திவிட்டார்.

"எங்க என் பிரஷர் மிஷினு?"

"வண்டிக்குப் பாக்கேன். அதுக்குத்தான் இப்பம் முடியல."

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளத்தப்போ என் மஞ்சச் சுங்குடி காணாமப் போச்சு. தோபி எடுத்துட்டான்னு அவனோட பேச்சு வார்த்தையே இல்ல. இப்பம் வீட்டுக்குள்ளேயே திருடனா?"

டர்போ வேலை செய்ததா என்றால், செய்தது. எப்போது செய்யும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கிதிர்பூரில் மிதித்தால் ஹேஸ்டிங்ஸில் வேகம் வரும். அதற்குள் சிக்னல் சிவப்பாகி, வெள்ளைச் சீருடை சார்ஜண்ட் குறுக்கே நிற்பார். துர்கா பூஜை சமயத்தில் டர்போவிலிருந்து எண்ணெய் ஒழுகி நீலப் புகை கிளம்ப, பந்தலில் தாக் மேளம் அடிக்கிறவர் சாம்பிராணிச் சட்டி ஏந்துகிற துனுச்சி ஆரத்தி தொடங்கிவிட்டது என்று மேளத்தை முழக்கிவிட்டார். டயல் முள் முப்பதைத் தாண்டவே இல்லை.

"லோ பிரஷர்" என்பார் அண்ணாச்சி, டாக்டர் மாதிரி.

இதைவிடக் கொடுமை அந்த ஐந்து நிமிடம். ஓடி வந்த டர்போ சூடாக இருக்குமாம். உடனே இஞ்சினை அணைத்தால் எண்ணெய் கருகிவிடுமாம். அதனால் எங்கே போய்ச் சேர்ந்தாலும் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு எல்லோரும் உள்ளேயே உட்கார வேண்டும். ஒரு கல்யாண மண்டப வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது உள்ளே கெட்டிமேளம் கேட்டது. அவர் கையை உயர்த்தி, "இன்னும் ரெண்டு நிமிசம்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து சகலை மறுபடி வந்தார். அண்ணாச்சி மதினியின் முன்னால் போய் நின்றார். யார்டில் எத்தனையோ அதிகாரிகளோடு சண்டை போட்டவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரே ஒரு தடவை வா. அதே ஆளுங்க, அதே பாலம்."

மதினி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "வாறேன். ஆனா நடுவுல நின்னா இந்தத் தடவ நான் எறங்க மாட்டேன். நீங்க எறங்கணும்."

பாலத்தின் ஏற்றம் வந்தது. சகலை இருமினார். அண்ணாச்சி மிதித்தார். முள் முப்பதில் நின்றது. பாதி ஏற்றத்தில் கார் பழையபடி திணறி ஊர்ந்தது. பின்னால் ஒரு மினி பஸ். இந்த மனிதர் தோற்றுவிடக் கூடாது என்று, காளிகாட்டுக் காளியில் தொடங்கித் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். சகலை திரும்பினார்.

"எட்டாவது நாட்ச்!" என்று அலறியபடி அண்ணாச்சி தரையோடு சேர்த்து மிதித்தார்.

மதினி அமைதியாகச் சொன்னார். "எறங்குங்க."

அண்ணாச்சியின் கை கதவுப் பிடிக்குப் போனது. 'டமார்!' காரின் பின்னால் வெடிகுண்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். முள் இருநூறுக்குத் தாவியது. கார் பாய்ந்தது. டாக்சிகளையும் லாரிகளையும் தாண்டி அப்படி ஏறினோம். அண்ணாச்சி சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கரையில் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது மினி பஸ் வந்து சேர்ந்தது. கண்டக்டர் இறங்கி வந்தான். கரி படிந்த துணி ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் பஸ் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டதாம். "தாதா, எட்டா ஆப்னார்?" உங்களுடையதா என்று கேட்டான்.

கரிக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் புள்ளிப் புள்ளியாய்ச் சுங்குடி.

மதினி துணியைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். சும்மா நிற்கிற இஞ்சினின் புகைக்குழாயைத் துணி வைத்து அடைப்பது யார்டு பழக்கம். வெள்ளம் வந்த அன்று காருக்குள் தண்ணீர் போகாமல் இருக்க, கொடியில் கைக்குக் கிடைத்ததைச் சைலன்சரில் திணித்திருக்கிறார் மனிதர். பிறகு எடுக்க மறந்துவிட்டார். துணியின் இடுக்கில் புகை கசிந்து சமதரையில் ஓடிய வண்டி, ஏற்றத்தில் மட்டும் மூச்சு முட்டியிருக்கிறது. முதல் தடவை ஏறாததும் இதனால்தான், டர்போ திணறியதும் இதனால்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டர்போவின் வெற்றி என்று கொண்டாடியிருக்கலாம். அண்ணாச்சி சகலையைப் பார்த்து, வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மீனாட்சி வெயிட்டு இல்லய்யா. அன்னைக்கும் இல்ல. நான் அடச்ச துணி. என் மடத்தனம்." பிறகு பின்னால் திரும்பி, "என்ன மன்னிச்சிரு" என்றார்.

சகலை ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசித்தார். மதினி துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல அந்தத் தோபிகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க."

பேலூர் வந்து சேர்ந்ததும் சகலை கதவைத் திறக்கப் போனார். மதினி தடுத்தார். "இருங்க. அஞ்சு நிமிசம் ஆவட்டும். டர்போ சூடா இருக்கும்லா?"

அடுத்த வாரமே அந்தக் குட்டி இஞ்சின் பலம் தாங்காமல் கேஸ்கட்டைக் கக்கியது. உஸ்தாத் டர்போவைக் கழற்றிவிட்டார். அடைப்பு போன கார் அது இல்லாமலே பாலம் ஏறியது. டர்போ, மதினி வீட்டு பால்கனிக் கதவு புயல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்தது.

ஆனால் அதற்குப் பிறகும், சாயங்காலம் இருவரும் வெளியே போய் வந்தால் என் ஜன்னலுக்குக் கீழே கார் ஐந்து நிமிடம் அணையாமல் உறுமிக்கொண்டிருக்கும். முன்சீட்டில் மதினி ஏதோ சொல்லுவார், அண்ணாச்சி சிரிப்பார். அந்தச் சத்தத்துக்காகவே நான் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன்.