தொங்கலும் புலிக்கம்பளியும்

எனக்குத் தெரிந்து, குளிரைச் சம்பந்தி மாதிரி நடத்திய ஒரே மனிதர் தொங்கல்தான். அது எந்த வழியாக வரும், எங்கே உட்காரும், என்ன செய்தால் கோபித்துக்கொண்டு கிளம்பும் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. மனுஷங்களைப் பற்றித்தான் ஒரு எழவும் தெரியாது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தொங்கல் என்பது தெரு வைத்த பெயர். கள்ளக்குறிச்சியில் எனக்குப் பக்கத்துப் போர்ஷன்காரர். எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். ஒரு தடவை கிணற்று மேட்டிலிருந்து விழுந்ததில் முதுகு போய்விட்டது. கட்டிலில் படுத்தால் வலி, தரையில் படுத்தால் அதைவிட வலி. மலையேறுகிற பசங்கள் மரத்துக்கு மரம் கட்டிப் படுப்பார்களே, அந்த நைலான் ஏணையை யாரோ செல்போனில் காட்டினார்கள் என்று ஒன்றை வரவழைத்தார். பச்சைப்பிள்ளையை ஏணையில் போட்ட மாதிரி அன்றைக்கே தூங்கிவிட்டார். அதற்கப்புறம் அவர் கட்டில் பக்கமே போகவில்லை. ஹாலில் இரண்டு கொக்கி அடித்தார். அதில் ஒன்று எங்கள் இருவருக்கும் பொதுவான சுவரில். அவர் அந்தப் பக்கம் புரண்டால் இந்தப் பக்கம் என் காலண்டர் ஆடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏணையைச் சுருட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய், ஏதாவது மரத்தில் தொங்கிவிட்டு வருவார்.

மார்கழி வந்ததும் முதுகு ஜில்லிட்டுப் பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சியில் இறங்கினார். ஏணைக்குள் செய்தித்தாள் விரித்தார். திரும்பும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கேட்டு நாய்கள் குரைத்தன. தெர்மாகோல் போட்டார். அது நொறுங்கி, தலையெல்லாம் வெள்ளைப் பொரியோடு வேலைக்குப் போனார். பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டினார். குளிர் என்னவோ கொஞ்சம் நின்றது, ஆனால் புதுமாப்பிள்ளை முகத்து மேல் உட்காருவது பாவம் என்று அவிழ்த்துவிட்டார்.

கடைசியில் கோணிகளைப் பிரித்துத் தைத்து, தையல்கடை வெட்டுத்துணியும் இலவம்பஞ்சும் அடைத்து, ஏணைக்கு அடியில் இன்னொரு ஏணை மாதிரித் தொங்கவிட்டார். அடிப்போர்வை என்று பெயரும் வைத்தார்.

"இன்னா தம்பி, எல்லாரும் மேலயே போத்திக்கினு கீறீங்க. குளிரு அடியில இருந்துல்ல வருது. கம்பளிய விரிச்சு அதும் மேல படுத்தா நசுங்கிப்பூடும். நசுங்குன கம்பளி செத்த கம்பளி. கீழ தனியா தொங்கணும், ஒட்டியும் ஒட்டாம."

எனக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பாதம் மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்று வெந்நீர் பாட்டிலில் இறங்கினார். பிளாஸ்டிக் பாட்டில் சூட்டில் சுருங்கிவிட்டது. கண்ணாடியில், சாக்ஸுக்குள் கச்சிதமாக நுழைகிற பாட்டில் உலகத்திலேயே ஒன்றுதான், குவார்ட்டர் பாட்டில். ஒயின்ஷாப் பின்னால் கிடந்ததில் இரண்டைப் பொறுக்கிவந்து, புளி போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி, காலடியில் வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினார்.

அந்த வாரம் அண்ணி, அதாவது அவர் மனைவி, ரிஷிவந்தியத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். சொல்லாமல் ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து கதவைத் தள்ளினார். உள்ளே ஏணை, ஏணையில் புருஷன், புருஷன் காலடியில் குவார்ட்டர் பாட்டில்கள். அண்ணியின் சித்தப்பா குடித்தே செத்தவர். எங்கள் ஊரிலும் பாட்டில் விஷயத்தில் யாருக்கும் சிரிப்பு வராது, கள்ளச்சாராயத்துக்கு வரிசையாகப் பிணம் தூக்கிய ஊர்.

"வெந்நீர்ம்மா, மோந்து பாரு" என்றார் தொங்கல்.

"வெந்நீரா? வேற பொய்யே கெடைக்கலியா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு அண்ணி வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

சமாதானம் பேசப் போன என்னிடம் அண்ணி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். தன் தம்பி வந்து பார்ப்பான், குடிக்கவில்லை என்று அவன் சொன்னால் மறுநாளே வருவேன். தொங்கலுக்குத் தலைகால் புரியவில்லை. குடிக்காத மனுஷனுக்குக் குடிக்காமல் இருந்து காட்டுவதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன்.

மச்சான் வந்தான். கரும்பு விவசாயம், முறுக்கு மீசை, அடுத்த மாதம் கல்யாணம். "வாராவாரம் மலைக்குப் போறீங்களாமே மாமா. அங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கணும்" என்றான். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். தொங்கல் மோட்டார் கட்டிக்கொடுத்த ஒருவருடைய தோட்டத்தில் கடுக்காய் மரங்களுக்கு நடுவே மூன்று ஏணை கட்டினோம். சுற்றிலும் காய்ந்த புல், நெருப்பு மூட்டக்கூடாது என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். மச்சானுக்காகத் தைத்துவைத்த அடிப்போர்வையைத் தொங்கல் எடுத்து நீட்டினார்.

"கோணியெல்லாம் மாட்டுக்குப் போடுங்க மாமா" என்று மச்சான் அதைத் தோட்டக்காரர் வீட்டுத் தொழுவத்தில் போட்டுவிட்டு, தன் கம்பளியை ஏணைக்குள் விரித்தான். புலிப்படம் போட்ட, மெத்தை தடிமன் கம்பளி. அதன் மேல் எண்பது கிலோ மச்சான் படுத்ததும் புலி செத்தது.

நடுராத்திரி ஒரு முனகல். "ஆயா… ஆயா…" என்று முறுக்கு மீசை பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. தொங்கல் இறங்கி, தன் ஏணைக்கு அடியில் இருந்ததை அவிழ்த்து, மச்சான் ஏணைக்கு அடியில் சத்தமில்லாமல் கட்டினார்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"உஷ். எங்கிட்ட இன்னொண்ணு கீது. நீ படு."

இன்னொன்று மாட்டுக்கு அடியில் இருந்தது. அந்த மனுஷன் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

முனகல் குறட்டையானது. காலையில் மச்சான் பளிச்சென்று எழுந்து சோம்பல் முறித்தான். எதிரே தொங்கல் டீ கொண்டுவந்தார். இல்லை, கொண்டுவர முயற்சி செய்தார். கால் ஒருபக்கம் போனது, உடம்பு ஒருபக்கம் போனது. வேர் தடுக்கி டீயைக் கொட்டினார். உதடு நீலம் பாரித்து, நாக்கு தடித்துப்போய், "மச்ச்… நல்ல்லா… தூங்ங்…" என்றார். விடிய விடிய வெறும் நைலானில் கிடந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

மச்சான் கிட்டே போய் மோந்து பார்த்தான். "வாசனை இல்ல" என்றேன் நான், அவசர அவசரமாக.

"வாசன வர்றதா ஆளக் கொல்லுது? வராததுதான் கொல்லுது."

எங்கள் ஊரைக் கொன்ற சாராயத்தைத்தான் சொல்கிறான் என்று புரிந்து, பேச்சைக் குளிருக்குத் திருப்பினேன்.

"அவருக்குக் குளிருங்க" என்றேன்.

"இன்னா குளிரு? நான் ஜம்முனு தூங்குனேன். புலிக்கம்பளிக்கு முன்னால குளிரு நிக்குமா?"

அவன் ஏணைக்கு அடியைக் காட்ட வாயைத் திறந்தேன். தொங்கல் என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினார். ஐஸ் மாதிரி கை, ஆனால் இரும்புப் பிடி. மச்சான் ஏணைக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், புலியைச் சுருட்டிக்கொண்டு நேராக ரிஷிவந்தியம் போய்ச் சாட்சி சொன்னான். அண்ணி வரவில்லை.

"ஏன்யா சொல்ல வுடல?" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

"ராத்திரி ஆயா ஆயான்னு அழுதான்பா. கல்யாணம் கட்டிக்கப்போற புள்ள. வூட்ல தெரிஞ்சா கேலி பண்ணுவாங்க. நீயும் யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு."

"அப்ப உங்க குடும்பம்?"

"அவ தானா வருவா."

வருவாளாம். நல்லவனாக இருக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்துப் போர்ஷன்காரனுக்குப் பற்றிக்கொண்டு வருகிற அளவுக்கு ஒருவன் நல்லவனாக இருக்கக்கூடாது. மச்சான் கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்தார். அங்கே புலிக்கம்பளியின் பெருமையை மாப்பிள்ளை வாயாலேயே கேட்டாராம். "நல்லாத்தான் சொன்னான்" என்றார் என்னிடம். எனக்குக் காது எரிந்தது.

இது இரண்டாவது மார்கழி. வந்தால் அண்ணி படுக்கட்டும் என்று அவர் கட்டிலைத் துடைத்தே வைத்திருக்கிறார். போன வாரம் எனக்கு இருமல் என்று தெரிந்து, நான் இல்லாத நேரம் வந்து, என் கயிற்றுக்கட்டிலுக்கு அடியில் இன்னொரு அடிப்போர்வையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரைத் திட்டிக்கொண்டேதான் படுத்தேன். முதுகு இதமாக இருந்தது. சுவரில் காலண்டர் ஆடிக்கொண்டே இருந்தது, அவருக்குத் தூக்கம் வரவில்லை போல.

இந்தப் பத்திரிகையில் வருகிற கோலப் பக்கத்தை அண்ணி வெட்டி வைப்பார். மிச்சத்தைத்தான் தொங்கல் எனக்குப் படிக்கக் கொடுப்பார். இப்போது ரிஷிவந்தியத்திலும் அண்ணி இதை வாங்குகிறாராம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பண்ணிக்கொடுத்த சத்தியத்தை மீறியதற்குத் தொங்கல் என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

அண்ணி, அது வெந்நீர்தான்.